திங்கட்கிழமை எடுத்த ரத்தம்

ஊட்டியில் குதிரைக்காரர்கள் என்னிடம் வருவது திங்கட்கிழமைதான். சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஏரிக்கரையில் சவாரிக் கூட்டம் இருக்கும். அது முடிந்த பிறகுதான் எந்தக் குதிரைக்கு என்ன கோளாறு என்று பார்க்க அவர்களுக்கு நேரம் கிடைக்கும். கால்நடை மருத்துவராகி இருபது வருடத்துக்கு மேல் ஆயிற்று. குளம்பைத் தூக்கிப் பிடித்தே என் இடுப்பு போய்விட்டது. திங்கட்கிழமை விடிந்தாலே எனக்கு அலுப்பாக இருக்கும்.

அப்படி ஒரு மார்ச் மாதத் திங்கட்கிழமையில்தான் அந்தச் செம்பழுப்புப் பெண்குதிரை வந்தது. அதைக் கூட்டிக்கொண்டு வந்தவருக்கு என் வயது இருக்கும். அவரிடம் இருந்தவை இரண்டே குதிரைகள், அதில் உழைக்கிறது இதுதான். கொஞ்ச நாளாக மந்தமாக இருக்கிறது, நடக்கச் சோம்பல் படுகிறது, உடம்பு மட்டும் பெருத்துக்கொண்டே போகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன். பிடரியில் கொழுப்பு திரண்டு கெட்டியாக இருந்தது. குளிர்கால முடி இன்னும் உதிரவில்லை.

எனக்குத் தைராய்டு குறைவு. தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை போடுகிறவள். மந்தம், பருமன், எந்நேரமும் ஒரு களைப்பு. குதிரையைப் பார்க்கப் பார்க்க என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அதுதான் என் புத்தியைக் கெடுத்தது.

கேட்க வேண்டியதைக் கேட்கத்தான் செய்தேன். குதிரைக்கு வீக்கமும் வலியும் குறைக்கிற மருந்து கொடுத்திருந்தால், ரத்தத்தில் தைராய்டு ஹார்மோன் குறைவாகக் காட்டும். சுரப்பி நன்றாகவே வேலை செய்யும், தாளில் மட்டும் குறைந்திருக்கும். மருந்தை நிறுத்தினாலும் அது பழையபடி ஏறப் பத்து நாள் போல ஆகும். கல்லூரியில் படித்தது எனக்கு மறக்கவில்லை. "மருந்து ஏதாவது குடுத்தீங்களா?" என்று கேட்டேன். ஒன்றும் இல்லை என்று அவர் தலையாட்டினார். ரத்தம் எடுத்து, ஐஸ் பெட்டியில் வைத்துக் கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

முடிவு வந்தது. தைராய்டு நன்றாகவே குறைந்திருந்தது. நினைத்தது சரியாகிவிட்டால் வருகிற அற்பச் சந்தோஷம் எனக்கும் வந்தது. வேளைக்கு ஒரு கைப்பிடி மாத்திரையைப் பொடித்துத் தவிட்டில் கலந்து கொடுக்கச் சொன்னேன். எனக்கும் இதே வியாதிதான், இதே மாத்திரைதான் என்றேன். அப்போ எங்க குதிரையும் டாக்டரம்மாவும் ஒரே சாதிங்களா என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

போகும்போது ஒன்றுதான் கேட்டார். "சீசனுக்கு வேலைக்கு விடலாமுங்களா?"

"லேசா விடுங்க. நடந்தா அதுக்கும் நல்லதுதான்" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையை இன்றுவரை என்னால் விழுங்க முடியவில்லை.

ஏப்ரல் போய் மே வந்தது. இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊரே மலைக்கு ஏறி வந்தது. தடுப்பூசி போட ஒரு நாள் காலையில் அவருடைய கொட்டகைக்குப் போனேன். அவர் சேணம் கட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வெல்லத்தை உடைத்து, உள்ளே வெள்ளைப் பொடியை வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். குதிரை மோப்பம் பிடித்து ஆசையாகக் கழுத்தை நீட்டியது.

அது என்ன என்று கேட்டேன்.

"வெல்லமுங்க. கூட்டம் இருக்கற நாள்ல எல்லாக் குதிரைக்கும் குடுக்கறதுதானுங்க. இல்லாட்டி பொழுதுக்கும் நடக்காதுங்க" என்றார் அந்த அம்மா.

உருண்டையைப் பிட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கசப்பு. வலி மருந்துதான். சனியும் ஞாயிறும் அதைத் தின்றுவிட்டுத்தான் திங்கட்கிழமை என்னிடம் வந்திருக்கிறது. இது மட்டுமில்லை, ஏரிக்கரையிலிருந்து வந்த குதிரைகள் பலவும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். எல்லாவற்றின் ரத்தத்தையும் நான் நிம்மதியாக பஸ் ஏற்றியிருக்கிறேன்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. அன்றைக்கு அத்தனை தடவை கேட்டேனே, ஏன் மறைத்தீர்கள் என்று அவரிடம் கத்தினேன். ஒரு தடவைதான் கேட்டேன் என்பது கத்தும்போதே எனக்குத் தெரியும். அவர் வார்ப்பட்டையை இறுக்குவதை நிறுத்தினார். குரலை உயர்த்தவில்லை.

"மறைக்கலீங்க. மூணு வருசத்துக்கு முன்னால பெரிய குதிரைக்குக் கால் சுளுக்குனப்ப நீங்கதானுங்க எழுதிக் குடுத்தீங்க. கசக்கும், வெல்லத்துல வெச்சுக் குடுங்கன்னு சொன்னதும் நீங்கதானுங்க. அந்தச் சீட்டுலதானுங்க இன்னமும் வாங்கறோம்."

ஐந்து நாளைக்கு என்று எழுதிய சீட்டு. மருந்துக் கடையில் மடிப்பு கிழிகிற வரைக்கும் காட்டி வாங்கியிருக்கிறார்கள். பக்கத்துக் கொட்டகைக்காரர்களும் இவரைப் பார்த்துப் பழகிவிட்டார்கள். அவர்கள் கணக்கில் அது மருந்தே இல்லை, தீனியில் சேர்ந்துவிட்டது. அங்கே கிடந்த தவிட்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். வாயில் கசப்பு போகவில்லை.

பொடியையும் மாத்திரையையும் அன்றே நிறுத்தச் சொன்னேன். நான்காவது நாள் குதிரை முன்காலை ஊன்ற மறுத்தது. பின்னங்காலில் பாரத்தைப் போட்டுச் சாய்ந்து நின்றது. மூன்று வாரம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தேன். தைராய்டில் ஒரு குறையும் இல்லை.

கோளாறெல்லாம் குளம்பில் இருந்தது. கொழுப்பேறிய குதிரைக்கு வருகிற குளம்பு அழற்சி. சுற்றுலாக்காரர்கள் ஊட்டிய ரொட்டியும் பிஸ்கட்டும் போதாதென்று தின்ற வெல்லமும் அதற்கு விஷம். மார்ச்சிலேயே தீனியைக் குறைத்து, குளம்புக்கு மெத்தை கட்டி, ஓய்வில் நிறுத்தியிருந்தால் பிழைக்க வாய்ப்பு இருந்தது. நானோ தைராய்டு மாத்திரை கொடுத்து வேலைக்கு அனுப்பினேன். வலி தெரியாமல் இரண்டு மாதம் நடந்து, குளம்புக்குள் எலும்பு கீழே இறங்கிவிட்டது.

ஜூன் முழுக்க மழையில் போனேன், வந்தேன். மெத்தை கட்டினேன், லாடம் மாற்றினேன். ஜூலையில் உள்ளங்குளம்பைத் துளைத்துக்கொண்டு எலும்பு முனை தெரிய ஆரம்பித்தது. குதிரை எழுந்து நிற்பதே அபூர்வமாகிவிட்டது. இனி வைத்துக் காப்பாற்றுவது பாவம், ஊசி போட்டு முடித்துவிடலாம் என்று சொன்னேன். நாளைக்கு என்று அவர் நான்கு தடவை தள்ளிப் போட்டார். ஐந்தாவது தடவை சரி என்றார்.

கொட்டகை சரிவில் இருந்தது, செத்த பிறகு தூக்கிப் போக அங்கே வண்டி இறங்காது. குதிரை ரோடுவரைக்கும் தானாக நடந்து வந்தாக வேண்டும். அதனால் வலி மருந்தை அன்று நானே நரம்பில் ஏற்றினேன், பெரிய அளவாக. கொஞ்ச நேரம் காத்திருந்தோம்.

குதிரை எழுந்தது. காதை முன்னால் நிறுத்தி, ஈரப் புல்லில் ஒவ்வொரு அடியாக வைத்து, ஏறக்குறைய நொண்டாமலே மேட்டில் ஏறியது. அவர் கயிற்றைத் தளர்த்திப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே வந்தார். ரோட்டை எட்டியதும் நின்று என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"நல்லாத்தானுங்களே நடக்குது, டாக்டரம்மா. இன்னொரு வாட்டி யோசிக்கலாமுங்களா?"

வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.