தாழ்ப்பாள் இல்லாத வீடு

நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம், ஓசூரில் எங்கள் வாடகை வீட்டில் வாசல் கதவைத் தவிர எதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. குளியலறைக்குக்கூட. அம்மாவே ஸ்குரூ டிரைவரால் கழற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவிட்டாள்.

எல்லாம் மாமாவால்தான். அம்மாவின் தம்பி. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு எங்களோடு இருந்தார். கூட வேலை செய்கிறவர்கள் தன்னைப் பற்றியே குசுகுசுப்பதாகச் சொல்ல ஆரம்பித்தார். பிறகு கம்பெனி பஸ்ஸில் ஏற மறுத்தார். சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று, முதல் வாய் நான் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். எனக்கென்ன, அப்பளம் கூடுதலாகக் கிடைத்தது.

அம்மா அவரைக் கூட்டிக்கொண்டு போன பெங்களூர் டாக்டர், சின்ன வயதில் எதற்காவது ரொம்பப் பயந்தாரா என்று கன்னடத்தில் கேட்டிருக்கிறார். அம்மா இல்லையென்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும்தான் தாழ்ப்பாள்களைக் கழற்றினாள்.

"இது வீடா, பஸ் ஸ்டாண்டா?" என்று அப்பா கத்தினார். அப்போதுதான், மாமா காதில் விழாமல், அழுதுகொண்டே எங்களிடம் சொன்னாள். வேப்பனப்பள்ளிப் பக்கம் மாந்தோப்பில், பதினோரு வயதில், நச்சரித்த ஆறு வயதுத் தம்பியை மோட்டார் ரூமில் விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தேர் பார்க்கப் போயிருக்கிறாள். ராட்டினத்தில் அவனை மறந்தே போனாள். சாயங்காலம் திறந்தபோது கத்திக் கத்தி அவனுக்குக் குரலே இல்லையாம்.

"நான்தாங்க அவன இப்படி ஆக்கிட்டேன். அவனுக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பானா?"

அடுத்த முறை டாக்டரிடமும் சொன்னாள். ஒரே ஒரு சம்பவத்தின் தலையில் இதைக் கட்ட முடியாது, பல காரணங்கள் இருக்கும் என்றாராம். அம்மா கேட்கிற ஆளா?

மாத்திரையில் மாமா மெல்லத் தேறினார். ஏழெட்டு மாதத்தில் வேலைக்கும் போனார். தாழ்ப்பாள் மட்டும் வரவில்லை. அப்பா குளிக்கும்போது பாடுவார். நான் கதவுக்கு வாளியை முட்டுக்கொடுப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருக்கும்போது, வீட்டுக்கு வந்த என் வகுப்புத் தோழி அந்த வாளியையும் சேர்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். மானமே போச்சு! ஈரத் தலையோடு சமையலறைக்கு ஓடி, தோசை தின்றுகொண்டிருந்த மாமாவிடம் மோட்டார் ரூம் கதையை முழுசாகப் போட்டு உடைத்தேன்.

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. கல்லில் தோசை கருகியது.

மாமா தோசையை மென்றுகொண்டே அம்மாவைப் பார்த்தார். "மோட்டார் ரூமா? எனக்கு ஞாபகமே இல்லியேக்கா. அந்தத் தேருக்கு நீ செவப்பு பலூன் வாங்கியாந்த. அதான் ஞாபகம் இருக்குது."

அம்மா சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அப்படி அழுதாள்.

அன்றைக்கே மாமா கடைவீதிக்குப் போய்ப் புதுத் தாழ்ப்பாள் வாங்கி வந்து மாட்டினார். நாங்கள் எல்லோரும் நிம்மதியாகக் குளித்தோம். அம்மா மட்டும் அதைப் போடுவதே இல்லை. "தாழ்ப்பா போடும்மா!" என்று வெளியிலிருந்து எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். அவளுக்கு ஞாபகமறதி என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.