தேங்காயெண்ணெய் போட்ட வாள்

நாற்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதன், தொப்பையும் வைத்த பிறகு, இடுப்பில் உடுத்த சாரத்துக்கு மேலே இடைவாரைக் கட்டி, அதில் ஒரு வாளைத் தொங்கவிட்டு, நிலைக்கண்ணாடிக்கு முன்னால் பக்கவாட்டில் நின்று தன்னைத்தானே ரசித்தான் என்று கேள்விப்பட்டால் அவனைப் பற்றி என்ன நினைப்பீர்கள்? தயங்காமல் அதையே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மனிதன் நான்தான். மேலே பனியன்கூட இல்லை.

நான் பிரித்தானிய இராணுவத்தில் ஒரு அதிகாரி. பெரிதாக எதையும் கற்பனை செய்ய வேண்டாம். லண்டனுக்கு அகதியாக வந்து, லொறி ஓட்டும் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, மற்றவர்கள் ஓய்வூதியத்தைப் பற்றி யோசிக்கும் வயதில் அதிகாரியானவன். சண்டைக்குப் போகிறவர்களுக்குச் சாப்பாடும் காலுக்குச் சப்பாத்தும் டீசலும் நேரத்துக்குப் போய்ச் சேருகின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. அதற்கு வாள் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அணிவகுப்புக்கும் கலியாணத்துக்கும்தான். புத்தியுள்ளவர்கள் தேவைப்படும்போது முகாம் களஞ்சியத்தில் இரவல் வாங்குவார்கள். நான் சொந்தமாக வாங்கினேன். என் உயரத்துக்குக் கட்டையான அலகுதான் பொருத்தம் என்று கடைக்காரர் அளந்து காட்டினார். நான் நீளமானதை எடுத்தேன். அன்றிலிருந்து படி ஏறும்போதெல்லாம், பெண்கள் சேலைக் கொய்யகத்தைத் தூக்கிப் பிடிப்பதுபோல, இடக்கையால் உறையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறேன்.

நான் சொல்ல வந்த சம்பவம் சில வருடங்களுக்கு முன்னர் ஒஸ்லோவில் நடந்தது. தவக்காலம் தொடங்குவதற்கு முந்திய சனிக்கிழமை. அக்காவின் ஒரே மகளுக்குக் கலியாணம். அவள் அங்கே மருத்துவமனையில் தாதி. மாப்பிள்ளை, குளிர்காலப் பயிற்சிக்காக நோர்வேக்கு வந்த ஒரு இளம் ஆங்கிலேய அதிகாரி. அவர் எந்தப் படைப்பிரிவு என்பதையே நான் பிறகுதான் அறிந்தேன். இந்தச் சம்பந்தத்தில் எனக்கு ஒரு பங்கும் இல்லை என்று எத்தனை தரம் சத்தியம் செய்தும் அக்கா நம்பவில்லை.

அக்கா நம்பாததற்குக் காரணம் இருந்தது. அவளுக்குச் சீருடை என்றாலே ஆகாது. ஊரில் இருந்தபோது ஒரு விடியற்காலை சீருடைக்காரர்கள் படலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து அத்தானை ஏற்றிக்கொண்டு போனார்கள். பல வாரங்கள் கழித்துத்தான் விட்டார்கள். திரும்பி வந்த அத்தான் அதைப் பற்றி இன்றுவரை ஒரு சொல் கதைத்ததில்லை. அதன் பிறகுதான் நோர்வே. நான் இராணுவத்தில் சேர்ந்ததைச் சொன்னபோது அக்கா தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு சமாதானமானாள் என்றாலும் ஒரு நிபந்தனை இருந்தது: அவள் வீட்டுக்குள் அந்த உடுப்பு வரக்கூடாது. படமாகக்கூட வரக்கூடாது. ஒஸ்லோவில் யாராவது கேட்டால், "தம்பி லண்டனிலை லொறிக் கொம்பனியிலை" என்பாள். முழுப் பொய்யென்றும் சொல்ல முடியாது.

இப்போது மருமகளுக்கோ வாள் தோரணம் வேண்டுமாம். அதிகாரிகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று வாள் முனைகளை உயரத்தில் தொட்டுப் பிடிப்பார்கள், மணமக்கள் அதன் கீழால் நடந்து வருவார்கள். பிரித்தானிய இராணுவ வழக்கம். விளக்கம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அக்கா பொறுமையாகக் கேட்டாள்.

"தோரணமெண்டால் தென்னோலையிலை கட்டிறது. கத்தியிலை ஆரடா தோரணம் கட்டினவை?"

மருமகள் அழுதாள். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு என்னை அழைத்தாள். "நீ முன்னுக்கு நிண்டு பிடிக்கிறதெண்டால் சரி. வேறை ஆற்றை கத்திக்குக் கீழையும் என்ரை பிள்ளையை விடமாட்டன்." தொலைபேசியை வைக்கும்போது இன்னும் ஒன்று சொன்னாள். "அண்டைக்கு மட்டும் அந்த உடுப்போடை வா."

ஆக, அக்கா என்னைச் சீருடையில் பார்க்கப்போவது அதுதான் முதல் தடவை. அந்த ஐந்து நிமிடம் ஒழுங்காக நடந்தால் இத்தனை வருடப் பிணக்கு தீரும். பிழையாய்ப் போனால் என் ஆயுளில் தீராது. எனக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்தும் செய்தேன் பாருங்கள் ஒரு வேலை.

வாளைத் தூண்டில் பெட்டி ஒன்றில் வைத்து விமானத்தில் அனுப்பியிருந்தேன். வாளுக்குப் பூசும் மெல்லிய இயந்திர எண்ணெயை லண்டனில் மறந்துவிட்டேன். கலியாணத்தன்று காலை, பெண்கள் எல்லோரும் மணமகளின் தலையலங்காரத்தில் மூழ்கியிருக்க, நான் குளியலறைக்குள் புகுந்து வாளைத் துடைத்தேன். அலகு அழகாகத்தான் இருந்தது. உறைக்குள் போகும்போது மட்டும் கொஞ்சம் கரகரத்தது. குளியலறை மூலையில் அக்காவின் தேங்காயெண்ணெய்ப் போத்தல் நின்றது. பளிங்குபோல் தெளிந்த எண்ணெய். அலகுக்குத் தாராளமாகப் பூசினேன். போதாதென்று உறைக்குள்ளும் ஊற்றினேன். வாள் வழுக்கிக்கொண்டு போய் வந்தது. என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

ஒஸ்லோக் குளியலறைகளில் நிலத்துக்குக் கீழே சூடாக்கும் கம்பி ஓடுகிறது என்பதையும், எண்ணெய் இளகியிருந்தது அதனால்தான் என்பதையும், வெளியே மைனஸ் பதினான்கு என்பதையும் ஒன்றாகச் சேர்த்து யோசிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. நான் அலுமாரி அலுமாரியாகப் புத்தகம் படித்தவன். எனக்குத் தோன்றவில்லை.

மாதா கோயிலுக்குப் போனதும் மாப்பிள்ளையின் நண்பர்களான ஐந்து இளம் அதிகாரிகளையும் வரிசையில் நிறுத்தி வாள்களைப் பரிசோதித்தேன். ஒருவருடைய அலகில் விரலடையாளம் துருவாகப் பதிந்திருந்தது. விட்டேனா? வெறுங்கையால் அலகைத் தொடக்கூடாது, வியர்வையின் உப்பு உருக்கைத் தின்னும், துணிக் கையுறை எதற்கு இருக்கிறது, பராமரிப்பு என்பது ஒழுக்கத்தின் அடையாளம் என்று குளிருக்குள் நிற்கவைத்து ஒரு பிரசங்கம். அந்தப் பையன் "யெஸ் சேர்" என்றான். பிறகு மூக்கை உறிஞ்சி, எங்கோ கடற்கரை வாசம் வருகிறதே, வெயிலுக்குப் பூசும் கிறீம் மாதிரி, என்றான். நான் கேட்காததுபோல் இருந்தேன்.

சுவாமியார் கோயிலுக்குள் வாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். ஆறு வாள்களையும் உறையோடு நான் வாடகைக்கு எடுத்திருந்த காரின் டிக்கியில் வைத்துப் பூட்டிவிட்டுப் பூசைக்குப் போனோம். நம்மவர் கலியாணப் பூசை எவ்வளவு நேரம் நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவ்வளவு நேரமும் என் வாள் டிக்கிக்குள் கிடந்து விறைத்தது.

மணமக்கள் பதிவேட்டில் கையெழுத்து வைத்துப் படம் எடுக்கும் நேரத்தில் நாங்கள் வெளியே வந்து, வாள்களை இடுப்பில் மாட்டிக்கொண்டு வாசலில் வரிசையானோம். கட்டளை கொடுக்க வேண்டியவன் நான். அதற்கு முன்னர் வாளைச் சற்று அசைத்துத் தளர்த்திக்கொள்வது வழக்கம். அசைத்தேன். அது அசையவில்லை. இழுத்தேன். இடைவார்தான் மேலே வந்தது.

மெழுகுதிரியை வார்த்ததுபோல எண்ணெய் உள்ளே இறுகிவிட்டது. உறையைக் கழற்றி முழங்கால்களுக்கு இடையே இடுக்கிக்கொண்டு இழுத்தேன். பிரசங்கம் கேட்ட அந்தப் பையனைக் கூப்பிட்டு மற்ற நுனியைப் பிடிக்கச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் என்றும் மறக்கமாட்டேன். உள்ளே கடைசிப் பாட்டு தொடங்கிவிட்டது. வெறுங்கையோடு நின்று கட்டளை கொடுக்கலாமா என்று யோசித்தேன். அக்கா தொலைபேசியில் சொன்னது நினைவுக்கு வந்தது. என் கையில் வாள் இல்லையென்றால் மகளை அதற்குள் விடமாட்டாள்.

அப்போதுதான் கதவு திறந்தது. வந்தது மணமக்கள் அல்ல. காஞ்சிபுரத்துக்கு மேலே முழங்கால்வரை தொங்கும் பஞ்சுக் கோட்டு, தோளில் பெரிய பை. அக்கா. மகளை வெளியே விடுவதற்கு முன்னர் இடத்தைப் பார்க்க வந்திருக்கிறாள்.

முதலில் அவள் கண்ணில் பட்டது நானல்ல, அந்தச் சப்பாத்துகள்தான். இரண்டு வரிசையாக நின்ற, மினுக்கிய கறுப்புச் சப்பாத்துகள். அவள் கை கதவுநிலையைப் பிடித்துக்கொண்டது. நான் பார்த்தேன். அந்த முகத்தை எனக்குத் தெரியும். திரும்பிப் போகப்போகிறாள் என்று நினைத்தேன்.

பிறகு அவள் பார்வை என்மேல் விழுந்தது. பொன்னிறப் பொத்தான்கள், பதக்கங்கள், முழங்கால்களுக்கு இடையே வாள், வேர்த்து வழியும் முகம்.

"என்னடா செய்யிறாய்?"

"வாள் வருதில்லை அக்கா."

"ஏன்?"

இராணுவத்தில் மேலதிகாரிகளுக்குச் சாட்டுச் சொல்லப் பழகிய எனக்கு அக்காவிடம் உண்மைதான் வந்தது. "தேங்காயெண்ணெய் போட்டனான்."

 அவள் படியில் இறங்கி வந்தாள். "படிச்சனி எல்லே? குளிருக்கை தேங்காயெண்ணெய் உறையுமெண்டு சின்னப்பிள்ளைக்கும் தெரியுமே! இஞ்சை கொண்டா."

நோர்வேக்கு வந்த நாளிலிருந்து அக்கா தெர்மோஸ் இல்லாமல் வெளியே காலடி வைத்ததில்லை. கலியாணத்தன்றும் அந்தப் பைக்குள் அது இருந்தது. மூடியைத் திருகி, கொதிக்கக் கொதிக்க, சீனி போட்ட பால்தேத்தண்ணியை உறையின் வாயிலிருந்து கீழ்வரைக்கும் மெதுவாக ஊற்றினாள். ஆவி கிளம்பியது. தெர்மோஸ் வெறுமையானதும் உறையை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். அந்த ஆங்கிலேயப் பையனைப் பார்த்து, "தம்பி, நீர் என்னைப் பிடியும்," என்றாள், சுத்த யாழ்ப்பாணத் தமிழில். அவன் உடனே அவளுடைய கோட்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டான். என் கட்டளைக்கு யாரும் இவ்வளவு விரைவாகக் கீழ்ப்படிந்ததில்லை.

"இழுடா!"

இழுத்தேன். கோயில் திருவிழாவில் தேர் முதலில் அசையுமே, அப்படி ஒரு சின்ன அசைவு. பிறகு ஒரேயடியாக வந்தது. வாளோடு நான் ஒரு பக்கம் தடுமாறினேன். உறையோடு அக்கா மறுபக்கம் போய், பையனையும் சேர்த்துக்கொண்டு, பனிக்குவியலில் இருந்துவிட்டாள்.

எனக்கு உயிர் போய்விட்டது. ஆனால் அக்கா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் தண்ணீர் வரச் சிரித்தாள். இரண்டு அதிகாரிகள் ஓடிவந்து கைகொடுத்துத் தூக்கினார்கள். ஒருவர் குனிந்து சேலையில் ஒட்டிய பனியைத் தன் வெள்ளைக் கையுறையால் தட்டிவிட்டார். சீருடை போட்ட கைகள் தன்னைப் பிடித்திருப்பதை அவள் கவனித்தாள் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தட்டிக்கொடுத்து, "தாங்ஸ் தம்பி," என்றாள்.

கதவு முழுதாகத் திறந்தது. நான் என் வாழ்நாளில் கொடுத்த கட்டளைகளுள் மிக உரத்தது அதுதான். ஆறு வாள்கள் ஒரே நேரத்தில் எழுந்தன. ஐந்து வாள்கள் பளபளத்தன. ஆறாவது புகைந்தது. சூடான அலகு பட்ட குளிர்காற்றில் வெள்ளை ஆவி சுருள் சுருளாகக் கிளம்ப, சனம் "ஆ" என்றது. ஏதோ விசேட ஏற்பாடு என்று நினைத்திருப்பார்கள். தொலைபேசிகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. கீழால் போன மருமகள் அண்ணாந்து பார்த்து, "மாமா, வாள் புகையுது! ஷெம்பெகுல்ட்!" என்று வியந்தாள். நோர்வேஜிய மொழியில் அதற்குப் படு பிரமாதம் என்று அர்த்தம். வரிசையின் முடிவில் அக்கா வெற்று உறையைச் செங்கோல்போலப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அத்தான்.  அவர் என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை ஆட்டினார். எனக்குக் கிடைத்த பதக்கங்கள் எல்லாவற்றையும்விட அது பெரிது.

அந்த வாளை இன்றும் வைத்திருக்கிறேன். உறையை எவ்வளவு கழுவியும் சீனிப் பிசுபிசுப்பு முழுதாகப் போகவில்லை, நானும் இனிக் கழுவப்போவதில்லை. நிமிர்ந்து நின்று அக்காவின் மனதை வெல்லலாம் என்று இருபது வருடம் முயன்றேன். அவளுடைய பயத்தைக் கரைத்தது என் கம்பீரமல்ல, குனிந்து நின்று முழித்த என் முட்டாள்தனம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆறுதலாக இருக்கிறது, ஏனென்றால் கம்பீரம் எனக்கு வராது, மற்றது தானாகவே வரும்.

அன்று விருந்து மண்டபத்தில் ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான திராமனிலிருந்து வந்த ஒரு அம்மா, என் காது கேட்கவே அக்காவிடம், "உங்கடை தம்பி ஆமியோ? சொல்லவே இல்லை!" என்றார். நான் தட்டைப் பிடித்தபடி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். அக்கா மண்டபம் முழுதும் கேட்கச் சொன்னாள்: "ஓம், ஆமிதான். பிரிட்டிஷ் ஆமியிலை ஒஃபிசர்." என் நெஞ்சு விரியத் தொடங்கிய அதே நேரம் அந்த அம்மாவின் கையைப் பிடித்து ஆறுதலாகத் தொடர்ந்தாள்: "ஆனால் நீங்கள் ஒண்டுக்கும் பயப்பிடாதேங்கோ. அவனுக்கு ஒரு மீன்கூட வெட்டத் தெரியாது."