நகராத புள்ளி

அறைத்தோழி அவளுக்கு வைத்த பெயர் ஜெராக்ஸ். சும்மா வைக்கவில்லை. படிக்க வந்த முதல் வாரம் வீட்டுக்கு மாற்றுச் சாவி செய்யவேண்டும் என்று பேச்சு வந்தது. அதற்குள் இவள் மூன்று சாவி வெட்டி வாங்கி வந்திருந்தாள். பாஸ்போர்ட்டின் நகல் பையில் ஒன்று, பெட்டியில் ஒன்று, அலமாரியில் மடித்துவைத்த சட்டைகளுக்கு அடியில் ஒன்று. "உன்னையே ஒரு காப்பி எடுத்து ஊர்ல வச்சிட்டு வந்திருப்ப போல" என்பாள் அறைத்தோழி. அவள் பல் மருத்துவம் படிப்பவள். நல்ல மனசு, ஆனால் பொய் சொல்லத் தெரியாது. இந்தக் குறை பின்னால் கதைக்கு வேண்டியிருக்கிறது.

ஜெராக்ஸ் பிறந்ததும் வளர்ந்ததும் அப்படி. பேருந்து நிலையத்துக்கு எதிரே, ஒருவர் உட்கார்ந்தால் இன்னொருவர் நிற்கவேண்டிய அகலத்தில் அவள் அம்மா ஒரு நகல் கடை வைத்திருக்கிறாள். அ, ஆ எழுதிப் பழகியதே அங்கே வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில்தான். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து இயந்திரத்தின் கண்ணாடி மேல் உள்ளங்கையை வைத்து அழுத்துவாள். அம்மா பொத்தானைத் தட்டினால் ரேகை ரேகையாகக் கை வெளியே வரும். அந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் அத்தனை பேருடைய பாஸ்போர்ட்டும் அம்மாவின் கண்ணாடி மேல் குப்புறப் படுத்து எழுந்தவைதான். அம்மாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் கிடையாது. அவள் போன அதிகபட்ச தூரம், இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் வாங்கப் பக்கத்து நகரம் வரை.

மகளுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தபோது வீட்டில் பஞ்சாயத்து கூடியது. அப்பா வாயில்லாப் பூச்சி. அவர் அண்ணன், அதாவது பெரியப்பா, தலையாட்டினால்தான் அந்த வீட்டில் துரும்பும் அசையும். வயசுப் பொண்ணைக் கண்காணாத தேசத்துக்குத் தனியாக அனுப்புவதா என்று அவர் குதித்தார். அன்றைக்கு அம்மா, யாரும் எதிர்பார்க்காதபடி, நடுக்கூடத்தில் வந்து நின்றாள்.

"வகுப்பு, ரூம். இந்த ரெண்ட விட்டு அவ கால் வேற எங்கயும் போகாது. நான் பொறுப்பு, மாமா."

வாயால் சொன்னால் போதுமா? பெரியப்பா கெட்டிக்காரர். மகள் எங்கே இருக்கிறாள் என்று அம்மாவின் போனில் எப்போதும் தெரிகிற மாதிரி ஏற்பாடு செய்யவைத்த பிறகுதான் தலையாட்டினார். வரைபடத்தில் ஒரு நீலப் புள்ளி. அந்தப் புள்ளிதான் மகள்.

ஒரு வருஷமாகப் புள்ளி வகுப்புக்கும் அறைக்கும் நடுவே ஓடியது. அம்மா பார்க்காத நாள் இல்லை. "இன்னிக்கு லைப்ரரில ரொம்ப நேரம் இருந்தியே?" என்பாள். "பாலத்துகிட்ட ஏன் நின்ன?" என்பாள். மழை பெய்தது, ஒதுங்கி நின்றேன் என்று மகள் விளக்கம் சொல்லவேண்டும். அம்மா கேட்பது என்னவோ சாதாரணமாகத்தான். இவளுக்குத்தான் இடுப்பில் கயிறு கட்டி மறுமுனையைக் கடையில் முடிந்துவைத்த மாதிரி இருந்தது.

பல்கலைக்கழக வாசலிலிருந்து பக்கத்து நாட்டுக்குப் பேருந்து போகும். கூடப் படிப்பவர்கள் சனிக்கிழமை ஏறி, ஞாயிறு மாலை திரும்புவார்கள். அவர்களுக்கு அது கடைத்தெருவுக்குப் போய் வருகிற மாதிரி. இவள் தினமும் அந்தப் பேருந்தின் பெயர்ப்பலகையைப் படித்துவிட்டு நடந்துபோவாள். ஒரு வெள்ளிக்கிழமை நடக்க முடியவில்லை. நின்று, ஒரு சீட்டு வாங்கிவிட்டாள். போகவேண்டும் போல் இருந்தது.

ஆனால் புள்ளி? புள்ளி எல்லையைத் தாண்டினால் அம்மாவுக்குத் தெரியும். பெரியப்பாவுக்குத் தெரிந்துவிட்டால் அம்மா கொடுத்த வாக்கு சந்தி சிரிக்கும். வாழ்க்கையில் அம்மா நாலு பேருக்கு முன்னால் சத்தமாகப் பேசியதே அந்த ஒரு தடவைதான். அதைப் பொய்யாக்க இவளுக்கு மனம் வரவில்லை. அதனால் ஜெராக்ஸ் தன் மூளைக்கு ஏற்ற வழி கண்டுபிடித்தாள். அசலைப் பையில் எடுத்துக்கொண்டு நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போவதுதானே அவள் வழக்கம்? போனைச் சார்ஜில் போட்டுக் கட்டிலில் வைத்தாள்.

"உங்கம்மா கூப்பிட்டா?" என்றாள் அறைத்தோழி.

"குளிக்கிறான்னு சொல்லு."

"ரெண்டு நாளாவா?"

"படிக்கிறா, தூங்குறா, ஏதாவது சொல்லேன். பரீட்சை இருக்குன்னு நான் முன்னாடியே சொல்லி வச்சிருக்கேன்."

மறுநாள் காலை பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எல்லை வரும், யாராவது ஏறுவார்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள் என்று மடியில் அசலும் அதன் மேல் இரண்டு நகலுமாகத் தயாராக இருந்தாள். ஒரு பாலம் வந்தது. அடுத்து ஒரு பெட்ரோல் பங்க். அதற்குப் பிறகு பலகைகளில் எழுத்து மாறியிருந்தது. அவ்வளவுதான். நடுவே தரையில் ஒரு கோடுகூட இல்லை. பக்கத்து இருக்கைப் பெரியவர் தூங்கிக்கொண்டே நாடு மாறிவிட்டார். ஒரு வருஷமாக எட்டிப்பார்க்கப் பயந்த இடம் இதுதானா என்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கொஞ்சம் ஆத்திரமும் வந்தது.

இறங்கிய ஊரில் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கால் போன போக்கில் நடந்தாள். மாடிகளில் துணி காய்ந்தது. ஒருவர் ஏணியில் ஏறித் தெருவிளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்கே நின்றாலும், ஏன் நின்றாய் என்று கேட்க ஆளில்லை. அந்தச் சுகத்தை அவள் மறைக்கவில்லை. வாய்விட்டுப் பாடினாள், சுமாராகத்தான்.

அப்புறம் ஒரு சந்து திரும்பியதும் அந்த வாசனை. சூடேறிய மையும் தாளும். அடித்துச் சொல்லலாம், நகல் கடை. உள்ளே ஓர் அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனியில் தொங்கவிட்டுக்கொண்டு தாள் கட்டை விசிறி, தட்டி, அடுக்கிக்கொண்டிருந்தாள். தாளுக்குள் காற்றுப் போகாவிட்டால் இயந்திரம் இரண்டு தாளாக இழுக்கும். அம்மாவும் அப்படித்தான் தட்டுவாள், மூன்று பக்கமும் ஒவ்வொரு தட்டு. இவள் சைகை காட்டிக் கேட்டு, கண்ணாடி மேல் தன் உள்ளங்கையை வைத்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே பொத்தானைத் தட்டினாள். ரேகை ரேகையாகக் கை வெளியே வந்தது.

"அம்மா, இங்க பாரேன்" என்று சொல்லக் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் போன் இல்லை. அது வேறொரு நாட்டில் கட்டிலில் கிடந்தது. யாருக்குத் தெரியக்கூடாது என்று வந்தாளோ அவளிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது. அன்றிரவு அந்த ஊர் விடுதி ஒன்றின் மேல்தட்டுப் படுக்கையில் அந்தத் தாளைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தாள். சுகமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

ஞாயிறு மாலை பேருந்தை விட்டு இறங்கினால், நிறுத்தத்தில் அறைத்தோழி நிற்கிறாள். முகம் பேயறைந்த மாதிரி.

"உன் போன நீயே வச்சுக்கோடி, எனக்கு வேணாம்."

"என்ன ஆச்சு?"

"புள்ளி நகரவே இல்லையாம். சனிக்கிழமை நீ எப்பவும் துணி துவைக்கப் போவியாமே? மத்தியானத்துலேர்ந்து கூப்பிட்டுட்டே இருந்தாங்க. லைப்ரரிக்குப் போயிருக்கான்னு சொன்னேன். 'புள்ளி ரூம்ல இருக்கு, அவ எப்படிமா லைப்ரரில இருப்பா?'ன்னு கேட்டாங்க. பயத்துல காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

"காய்ச்சல்னா சொன்ன!"

"மூஞ்சியக் காட்டுன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்கடி. நான் என்ன உன் மூஞ்சிய வரைஞ்சா காட்ட முடியும்? உண்மையச் சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணும் பேசல, வச்சிட்டாங்க. இன்னிக்கு முழுக்க ஒரு போன் இல்ல."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தால் இப்படித்தான். அம்மா திட்டியிருந்தால் தேவலை. பேசாமல் அல்லவா வைத்துவிட்டாள். அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அம்மா. கடையில் இருந்தாள் போலிருக்கிறது, பின்னால் இயந்திரம் தாள் இழுக்கும் சத்தம்.

"வந்துட்டியா?"

"ம்."

"சாப்பிட்டியா?"

"அம்மா, தப்புதான்மா. பெரியப்பாகிட்ட நீ குடுத்த வார்த்தைய நான்…"

"அந்த வார்த்தைய விடு. உன்னப் பிளேன் ஏத்தணும், அதுக்குச் சொன்னேன். அதையே பிடிச்சிட்டு நீ ஒரு வருஷம் உக்காந்திருப்பேன்னு நான் கண்டேனா? அவருக்கு அந்தப் போன்ல எங்க தட்டணும்னே தெரியாது."

இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்புறம் எதுக்கும்மா தினமும் புள்ளியப் பாத்துட்டே இருந்த?"

"காவலுக்குன்னா நெனச்ச?"

இயந்திரம் நின்றது. அம்மா நிறுத்தியிருக்கவேண்டும்.

"உன் தெரு எனக்கு மனப்பாடம்டி. மருந்துக்கடை, அதத் தாண்டினா பூங்கா, அப்புறம் பாலம். ஆள் வராத நேரமெல்லாம் விரலால பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாப்பேன். உன்கூட நானும் நடக்கிற மாதிரி இருக்கும். நீயோ செக்குமாடு மாதிரி ரெண்டு இடத்தையே சுத்தின. வழியில இருக்கிற பூங்காவுக்குள்ள ஒரு நாள் போயிருப்பியா? அன்னிக்கு பாலத்துகிட்ட நின்னியே, சரி, இன்னிக்கு எங்கயோ போகப்போறான்னு வாடிக்கையாளரக் காக்க வச்சிட்டுப் பாத்துட்டே இருந்தேன். மழைன்னு சொல்லித் திரும்பிட்ட. மேப்புல இருக்கிற அந்த எல்லைக் கோட்ட என்னிக்காவது தாண்டுவியா, நானும் பாப்பேனான்னு இருந்தேன். போனதுதான் போன. என்னக் கட்டில்ல போட்டுட்டுப் போயிட்டியேடி."

மகள் உள்ளங்கைத் தாளை எடுத்து மடியில் விரித்துவைத்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கமும் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நகல் எடுக்க வந்த யாரோ, "அக்கா, கடை உண்டா இல்லையா?" என்று கேட்டதும், "இரு தம்பி, எம்பொண்ணு பேசுறா" என்று அம்மா அதட்டியதும் கேட்டது.

அடுத்த சனிக்கிழமை அவள் அதே பேருந்தில், அதே ஜன்னலோரம் உட்கார்ந்தாள். போன் சட்டைப் பையில் இருந்தது. பாலம் வந்தது, பெட்ரோல் பங்க் வந்தது, எழுத்து மாறியது. போன் மணி அடித்தது.

"தாண்டிட்டோமாடி?" என்றாள் அம்மா.