குளி என்று நான் சொன்ன சொல்

தென் எல்லைப் போராட்டம் சூடு பிடித்திருந்த வருஷங்கள் அவை. பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாகச் சேர்ந்து இரண்டாவது வருஷம் இது நடந்தது. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த வருஷங்களுக்குப் பிறகு இதை நான் யாரிடமும் முழுசாகச் சொன்னதில்லை. பெயர்கள் வேண்டாம். அந்த வீட்டு ஆட்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள்.

எங்கள் டாக்டரம்மா வெள்ளைக்காரர். தமிழ் பேசுவார், ஆனால் அது பிரசங்கத் தமிழ். வயிற்றுவலி என்று வந்தவளிடம், "உமக்கு வேதனை எவ்விடத்தில் உண்டாகிறது?" என்பார். வந்தவள் திருதிருவென்று முழிப்பாள். அதனால் நோயாளிகளிடம் பேசுகிற வேலை என் தலையில் வந்து விழுந்தது. எனக்குத் தமிழ் தெரியும், மலையாளம் தெரியும், மிஷன் பள்ளிக்கூடத்து இங்கிலீஷும் தெரியும். மூன்று பாஷை தெரிந்தவள் என்று கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. நான் இல்லாவிட்டால் இந்த ஆஸ்பத்திரியே நடக்காது என்று மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

ஒரு நாள் செங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. அவருக்கு அமரவிளையில் ஒரு தையற்கடை. அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அந்தக் காலத்தில் பிள்ளை இல்லை என்றால் பெண்ணை மட்டும்தான் கூட்டிவருவார்கள், குறை அவளிடம்தான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு. இந்த மனிதர் கடையை அடைத்துவிட்டுத் தானே கூட வந்திருந்தார். அதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

டாக்டரம்மா அவளைப் பரிசோதித்தார். இரண்டு பேரிடமும் ஒவ்வொன்றாகக் கேட்டார். குறை ஒன்றும் தெரியவில்லை என்றார். கரு பிடிக்கிற நாட்கள் மாதத்தில் சிலதுதான், அந்த நாட்களில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்திருந்தால் போதும் என்று இங்கிலீஷில் விளக்கினார். மாதவிலக்கு கண்ட முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ண வேண்டும். பதினொன்றாம் நாளிலிருந்து பதினாறாம் நாள் வரை முக்கியம். இதைத் தெளிவாகச் சொல்லு என்று என்னைப் பார்த்தார்.

தெளிவாகச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அந்த மனிதர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாலும் காதை இங்கேதான் வைத்திருக்கிறார் என்று தெரிந்தது. நானோ கல்யாணமாகாதவள். ஒரு ஆம்பிளை நிற்கிற இடத்தில் மாதவிலக்கு என்றும் ரத்தம் என்றும் எப்படிச் சொல்வது? எங்கள் வீட்டுப் பேச்சில் மலையாளம் பாதி கலந்திருக்கும். அம்மாவும் அக்காவும் விலக்கு வருவதை மாசக்குளி என்பார்கள், சுருக்கமாகக் குளி. அதையே சொல்லிவிட்டேன்.

"குளி நாளை ஒண்ணுண்ணு வச்சு எண்ணணும். பதினொண்ணாம் நாளுல இருந்து பதினாறு வரைக்கும் உள்ள நாளாக்கும் முக்கியம்."

அவள் தலையைக் குனிந்தபடியே கேட்டாள்: "குளிக்கிய நாளுதானே சிஸ்டரே?"

எனக்கு அந்தப் பேச்சு சீக்கிரம் முடிந்தால் போதும் என்றிருந்தது. "ஆமா, ஆமா" என்றேன். பெரிய எழுத்தில் தேதி போட்ட ஆஸ்பத்திரிக் காலண்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா எல்லாம் சொன்னாயா என்று கேட்டதற்கு, எல்லாம் சொன்னேன் என்று ஜம்பமாகத் தலையாட்டினேன்.

கொஞ்ச நாளில் ஊரே கலவரமானது. எங்கள் பக்கமும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர்வலம், மறியல், தடியடி. பஸ் ஓடினால் அதிசயம். அந்தத் தையற்காரரும் அதில் இருந்தார். ஊர்வலத்துக்குப் போன கொடிகளில் பாதி அவர் கடையில் தைத்தவை. போலீஸ் தேடத் தொடங்கியது. அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கள்ளிக்காட்டுப் பக்கம் ஒரு சொந்தக்காரர் தோட்டத்தில் மரச்சீனிக்கிழங்கு பிடுங்குகிற ஆட்களோடு ஆளாக இருந்துகொண்டார்.

அவள் நடுவில் ஒரு தடவை காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தாள். அவரைப் பற்றிக் கேட்டேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் காதோடு சொன்னாள். அவர் மற்ற நாளில் இந்தப் பக்கம் தலை காட்டுவதே இல்லையாம். அந்த நாட்களுக்கு மட்டும் தோப்பு வழியாக நடந்தே வருகிறாராம். விலக்கு அவளுக்கு மாதம் தவறாமல் வரும். அதனால் ஒவ்வொரு தடவை அவர் திரும்பிப் போகும்போதும் அடுத்த மாதத்து நாட்களை எண்ணிச் சொல்லி அனுப்புகிறாளாம். "நீங்க சொன்ன நாளு பாத்துதான் சிஸ்டரே அவிய வாறாவ" என்றபோது அவள் முகம் சிவந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை. விடாமல் எண்ணிக்கொண்டு வா, கட்டாயம் நடக்கும் என்று தைரியம் சொல்லி அனுப்பினேன். 

மாதாமாதம் ஒரே கணக்கில் ஆள் வந்துபோவதை யாரோ கவனித்திருக்கிறார்கள். அப்படி அவர் வந்த ஒரு விடியற்காலையில் வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்தில் வைத்துப் போலீஸ்காரர்கள் பிடித்துக்கொண்டு போனார்கள். அடி பலம் என்று கேள்விப்பட்டோம். நாலு மாதம் கழித்து விட்டார்கள். விட்ட மூன்றாம் நாள் அவரை மாட்டு வண்டியில் படுக்கவைத்து எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். நெஞ்சு கெட்டுப்போயிருந்தது. இருமினால் ரத்தம் வந்தது. டாக்டரம்மா பார்த்துவிட்டு என்னிடம், முடிந்ததைச் செய்வோம் என்றார். அவர் அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

அவள் இரவும் பகலும் கட்டிலுக்குக் கீழேயே இருந்தாள். மூன்றாவது நாள் மத்தியானம் நான் அவருக்கு மருந்து கொடுக்கப் போனேன். அவள் துணிப்பையிலிருந்து அந்தக் காலண்டரை எடுத்து என் முன்னால் விரித்தாள். தாள் மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது. மாதத்துக்கு ஒரு குங்குமப் பொட்டு, அதிலிருந்து எண்ணி வரிசையாக ஆறு கோடு. எவ்வளவு ஒழுங்கு! "நான் எண்ணினதுல எங்கயாவது தெற்றிப்போச்சா, தப்பு வந்துபோச்சா சிஸ்டரே? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க" என்றாள்.

பொட்டு வைத்தது என்ன நாள் என்று சும்மாதான் கேட்டேன். "குளிச்ச நாளு. ஏழாம் நாளு குளத்துல முங்கிக் குளிச்சிட்டுத்தானே வீட்டுக்குள்ள ஏறுவோம்" என்றாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எங்கள் வீடு கிறிஸ்தவ வீடு, விலக்கு என்று யாரும் ஒதுங்கி உட்கார்ந்ததில்லை. அவள் வீட்டில் ஆறு நாள் ஒதுங்கி இருந்து ஏழாம் நாள் குளிப்பார்கள். அவளுக்குக் குளி என்றால் அந்தக் குளிதான். ஒன்று என்று நான் சொன்னது அவளுக்கு ஏழு. பதினொன்று பதினேழாகிவிட்டது. நாள் எல்லாம் தாண்டிய பிறகுதான் அந்த மனிதர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மாதமும் நடந்து வந்திருக்கிறார். அவள் வீட்டு வழக்கம் எனக்குத் தெரியாதது இல்லை. எங்கள் ஊரில் பாதி வீடு அப்படித்தான். அன்றைக்கு நான் அதை நினைத்துப்பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

கட்டிலைப் பார்த்தேன். அவர் விழித்துத்தான் இருந்தார். "அத விடுட்டீ. நமக்குக் குடுத்துவச்சது அவ்வளவுதான்" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். உங்கள் மேலும் குறை இல்லை, அவள் மேலும் குறை இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "பார்த்துச் சொல்கிறேன்" என்று மருந்துத் தட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அதற்குப் பிறகு அந்த வார்டுக்குப் போகாமலிருக்க என்னென்னவோ வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். எட்டாம் நாள் அவர் இறந்துபோனார். தனக்குக் கொடுத்து வைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேதான் போயிருப்பார்.

டாக்டரம்மாவிடம் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.  அவர், அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

பதினாறாம் நாள் காரியமான அடியந்திரம் கழிந்ததும் செங்கலுக்குப் போனேன். அவள் கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பாதி ஆளாகியிருந்தாள். வீட்டில் என்ன நடக்கிறது என்று அவள் பேச்சிலிருந்தே தெரிந்தது. பிள்ளை பெறத் துப்பில்லாதவள், நாள் எண்ணி எண்ணிக் கூப்பிட்டுப் பிடித்துக் கொடுத்தவள் என்று மாமியார் சொல்லாத நாளில்லை. கொழுந்தன் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்ப நாள் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளிடம் சொன்னேன். இந்தத் தடவை ஒன்றையும் மறைக்காமல், ரத்தம் கண்ட முதல் நாள் என்றே சொன்னேன். அவள் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போயிருந்தேன். அவள் கையிலிருந்த சாம்பலைக்கூடக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ எனக்க கணக்கு தெற்றல்ல" என்றாள். பிறகு, "இத மாமிகிட்ட ஒருக்கா சொல்லுவியளா?" என்று கேட்டாள்.

உள்ளே போனேன். மாமியார் பாயில் இருந்தார், கொழுந்தன் கதவோரம் நின்றான். அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். டாக்டரம்மா சொன்னது என்ன, நான் சொன்னது என்ன, அவள் எண்ணியது சரி, நான் சொன்னதுதான் தப்பு என்று. எங்கிருந்து அந்த தைரியம் வந்ததோ, தெரியவில்லை. கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டு வெளியே போய்விட்டான். அந்த அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அப்போ எனக்க மோனுக்கு ஒரு பிள்ளை இருந்திருக்குமா மக்கா?" என்று கேட்டார்.

உறுதியாக யாரால் சொல்ல முடியும்? பொய்யும் சொல்ல மனசில்லை. இருந்திருக்கலாம் என்றேன். அவர் பாயில் சாய்ந்து அழத் தொடங்கினார். மருமகள் ஓடிவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மகனுக்காக அழுது முடித்திருந்த கிழவிக்கு, அழுவதற்கு ஒரு பேரப்பிள்ளையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுத்தான் நான் அந்த வீட்டுப் படியிறங்கினேன். இதைச் சொன்னது அவர்களுக்காகவா, என் மனப்பாரத்தை இறக்கி வைக்கவா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அவளை அவர்கள் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. மாமியாரும் மருமகளும் கடைசிவரை ஒன்றாகவே இருந்தார்கள். புருஷனுடைய தையல் மெஷினை வீட்டுக்குக் கொண்டுவந்து அவளே தைத்துப் பிழைத்தாள். எல்லைக்கோடு கடைசியில் எங்களுக்குத் தெற்கே போட்டார்கள். நாங்கள் கேரளத்திலேயே இருந்துவிட்டோம். சர்க்கார் எந்தப் பாஷையில் வந்தாலும் எங்கள் பேச்சு மாறவில்லை. பக்கத்துப் பக்கத்து வீட்டில் ஒரே சொல்லுக்கு வேறு வேறு அர்த்தம் இருப்பதும் மாறவில்லை.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். பிள்ளைக்காக வந்த எத்தனையோ பேருக்கு நாள் கணக்குச் சொல்லியிருக்கிறேன். ஆம்பிளை நின்றாலும் அடிக்க வந்தாலும் ரத்தம் கண்ட முதல் நாள் என்று உரக்கச் சொல்லி, அவர்கள் வாயாலும் திரும்பச் சொல்லவைத்துத்தான் அனுப்புவேன். வெட்கம் கெட்டவள் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். ஆனால், அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்ட கேள்விக்கு ஒரு நிமிஷம் நின்று பதில் சொல்லியிருந்தால் செங்கலில் அந்த வீட்டில் இன்று அப்பாவின் ஜாடையில் ஒரு ஆள் நடமாடிக்கொண்டிருக்கலாம் என்ற நினைப்பு மட்டும், எத்தனை பிள்ளைகளை இந்தக் கையில் வாங்கிய பிறகும் என்னை விட்டுப் போகவில்லை.