பின் சீட்டுக்கு அடியில் ஒரு முனகல்

என் வீட்டுக்காரருக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். பால்காரர் தண்ணீர் கலக்கிறார், பெட்ரோல் பங்க்கில் அளவைக் குறைக்கிறார்கள், மெக்கானிக் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டுகிறார். அதெல்லாம்கூடப் போகட்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் காரிலிருந்து பெட்ரோல் திருடுகிறார் என்று முடிவுகட்டினாரே, அதுதான் எனக்குத் தலைவலியாகப் போனது.

ஆதாரம் என்ன? ஒருநாள் காலையில் அந்த மனிதர் எங்கள் கார் பக்கத்தில் ரப்பர் குழாயோடு நின்றாராம். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுகிற குழாய் என்று சொன்னேன்.

“செடிக்குத் தண்ணி விடுதவன் காருகிட்ட எதுக்கு நிக்கான்? நீ சும்மா கெட,” என்றார். திருநெல்வேலியை விட்டு வந்து பாதி ஆயுள் போய்விட்டது. கோபம் வந்தால் மட்டும் ஊர்ப்பேச்சு வந்துவிடும்.

அன்றிலிருந்து டேங்க்கை நிரப்புவதே இல்லை. போகிற தூரத்துக்குக் கணக்காகக் கொஞ்சம் போடுவார். வீடு திரும்பும்போது பெட்ரோல் முள் அடியில் படுத்திருக்கும். “இப்ப வந்து உறிஞ்சட்டும் பாப்போம்,” என்பார். எங்கள் பழைய கார் இதற்கெல்லாம் அசரவில்லை. அதில் இருந்தது கார்புரேட்டர். எஞ்சின் காற்றை இழுக்கும்போது பெட்ரோலும் கூடவே உறிஞ்சப்பட்டுப் போகும். மழைக்காலத்தில் சோக்கை இழுத்து, கெஞ்சி, திட்டித்தான் கிளப்ப வேண்டும். ஆனால் வழியில் நின்றுவிட்டால் இவரே கழற்றி, அடைப்பை ஊதிவிட்டு, ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

அதைக் கொடுத்துவிட்டு வாங்கிய கார் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன். சாவியைத் திருப்பினால் பின் சீட்டுக்கு அடியில் ‘உய்ங்’ என்று ஒரு முனகல் கேட்கும். பின்னால் உட்காருகிறவள் நான்தானே, எனக்குத்தான் அது காதில் விழும். முத்தாபுதுப்பேட்டை மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“அது பம்ப்புக்கா. டேங்க்குக்குள்ளயே முங்கினு கீது. அது பெட்ரோல முன்னாடி தள்ளும். அங்க இன்ஜெக்டரு, கொசு மருந்து அடிக்கிற மாரி பொடிப் பொடியா பீச்சும். எவ்ளோ பீச்சணும்னு கம்ப்யூட்டரு சொல்லும்.”

அதனால்தான் கொட்டும் மழையிலும் ஒரே திருப்பில் கிளம்புகிறது, புகை குறைவு, மைலேஜும் கூடுதல் என்றார். கெட்டுப்போனால் மட்டும் ரோட்டோரத்தில் ஊதிச் சரிசெய்ய முடியாதாம், மெஷினை மாட்டித்தான் கோளாறைக் கண்டுபிடிக்க வேண்டுமாம். அழுக்குப் பெட்ரோலும் அதற்கு ஆகாது. பிறகு அடியில் கிடந்த பெட்ரோல் முள்ளைப் பார்த்துவிட்டு இவர் பக்கம் திரும்பினார். “டேங்க்க காய வுடாத அண்ணாத்தே. பெட்ரோல்ல முங்கினு இருந்தாத்தான் பம்ப்பு சூடு ஆறும்.”

இவர் பவ்யமாகத் தலையாட்டினார். காரில் ஏறியதும், “பாத்தியா? இவனுக்கும் பங்க்காரனுக்கும் கூட்டு. அதான் நிரப்பச் சொல்லுதான்,” என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

முனகல் போகப்போகப் பெரிதானது. அவருக்கு ஊர்மேல் சந்தேகம் என்றால் எனக்கு அந்த முனகல்மேல். காரணம், மகளுக்குக் கல்யாணம் குறித்தாகிவிட்டது. பூந்தமல்லியில் சர்ச். தன் மகள் சர்ச் வாசலில் தன் காரில்தான் இறங்க வேண்டும் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். போதகரோ நேரத்தில் படு கறார். எங்களுக்கு அடுத்து இன்னொரு கல்யாணம் இருந்தது. தாமதமானால் அதை முடித்துவிட்டுத்தான் உங்களுடையது என்று முன்பே சொல்லிவிட்டார்.

“கல்யாணத்துக்காவது டேங்க்க நிரப்புங்களேன்,” என்று கெஞ்சினேன்.

“கல்யாண வீட்டுல ஆளு வரும், போகும். களவாணிக்கு அன்னைக்குத்தான் வசதி,” என்றார்.

கல்யாணத்தன்று சர்ச்சுக்குப் போகும் வழியில், பருத்திப்பட்டு தாண்டியதும் கார் திக்கித் திக்கி நின்றது. சாவியைத் திருப்பினார். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பின் சீட்டுக்கு அடியில் சத்தமே இல்லை. பம்ப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்துவிட்டது. வெள்ளைப் புடவையில் இருந்த மகள் என் கையைப் பிடித்தாள். “மணி ஆகுதும்மா,” என்றாள். அட பாவி மனுஷா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவர் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். ஊதுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

பின்னால் ஒரு கார் வந்து நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்தான். குடும்பத்தை வேனில் அனுப்பிவிட்டுத் தனியாக வந்துகொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்தே, வேடிக்க பாத்துகினு கீறீங்க? பொண்ண ஏத்துங்க மொதல்ல!”

எங்கள் காரை ஓரத்தில் அப்படியே விட்டுவிட்டு ஏறினோம். மகளும் நானும் பின்னால், இவர் வேறு வழியில்லாமல் முன்னால். இவர் கண் டேஷ்போர்டிலேயே இருந்தது. பெட்ரோல் முள் உச்சியில் நின்றது. இந்த மனுஷரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா?

“எப்பவும் இப்படி நிரப்பியா வச்சிருப்பீங்க? ராத்திரி வெளியிலதான நிக்கு. களவு போயிராதா?”

அவர் ஹாரனை அடித்துக்கொண்டே சிரித்தார். “அட போங்க அண்ணாத்தே! பக்கத்துல நீங்க கீறீங்க, எவன் வந்து கைய வெப்பான்?”

சொன்ன நேரத்துக்குச் சர்ச் வாசலுக்குப் போய்விட்டோம். முதலில் இறங்கி மகளைக் கைபிடித்து இறக்க வேண்டியவர், சீட் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவள்தான் இறங்கி வந்து, முன்கதவைத் திறந்து, “வாங்கப்பா,” என்று கையை நீட்டினாள்.