நான் நீக்கிய ஆட்டக்காரன்

டொரொண்டோவில் இருக்கும் மகள் கைபேசியில் ஒரு கற்பனை பேஸ்பால் லீக் தொடங்கி, கண்டியில் இருக்கும் எங்களையும் சேர்த்துவிட்டாள். உண்மையான ஆட்டக்காரர்களைப் பொறுக்கி அணி அமைக்க வேண்டும். அவர்கள் களத்தில் அடித்தால் நமக்குப் புள்ளி. வெல்பவர் அவளுக்குப் பிறக்கப்போகும் எங்கள் பேரனுக்குப் பெயர் வைக்கலாம்.

அரச சேவையில் சுற்றறிக்கைகளைக் கரைத்துக் குடித்த நான், முதல் நாளே விதிகளை மனப்பாடம் செய்தேன். பேரனுக்கு மூன்று பெயர்கள்கூட யோசித்து வைத்தேன். பேராதனை பஸ்ஸில் நின்றுகொண்டுகூட ஆட்களை மாற்றினேன். தொடையில் காயம்பட்ட ஒருவனை முறைப்படி நீக்கினேன். என் மனைவி அவனை எடுத்துத் தன் அணியில் சும்மா வைத்திருந்தாள்.

“நொண்டியை வைச்சு என்ன செய்யப் போறீர்?” என்றேன்.

“சுகமாகி வருவான்தானே. ஒபிஸிலயும் சிக் லீவு எடுத்த ஆக்களை இப்பிடித்தான் கலைச்சனீங்களோ?”

இறுதி வாரம் நானும் அவளும்தான் மோதினோம். கடைசி ஆட்டத்தில் அவன் நொண்டாமல் இறங்கி, இரண்டு தடவை பந்தைப் பார்வையாளர்களுக்குள் அடித்தான். அந்தப் புள்ளிகளால் அவள் வென்றாள்.

“அம்மா, பெயரைச் சொல்லுங்கோ!” என்று மகள் தொலைபேசியில் கத்தினாள்.

“முதல்ல பிள்ளை பிறக்கட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லுறன்.”

வெல்வதற்கு விதிகள் தெரிந்தால் போதும் என்று நினைத்திருந்தேன். காத்திருக்கவும் தெரிய வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. பேரன் பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. இதை எழுதி முடிப்பதற்குள் கைபேசியைப் பலமுறை எடுத்துப் பார்த்துவிட்டேன்.