மார்வா ஜெசப் படித்த கடிதம்

செனட்டர் விட்லாக்கின் கையெழுத்தை அவரைவிட அதிக முறை போட்டவள் மார்வா ஜெசப். தன் கையால் அல்ல. ஆபீஸ் பின்னறையில் தையல் மிஷின் அளவுக்கு ஓர் எந்திரம் இருந்தது. தாளை வைத்துச் சாவியைத் திருப்பினால் அதன் இரும்புக் கை நிஜப் பேனாவைப் பிடித்து, செனட்டர் பெயரை அவரைவிட அழகாக எழுதும். ஆபீசில் அதற்குச் 'சின்ன செனட்டர்' என்று பெயர். "பெரியவரவிட இவருதான் ஒழுங்கா வேலைக்கு வர்றாரு" என்பாள் மார்வா. சாவி எப்போதும் அவளுடைய ஸ்வெட்டர் பையில் இருக்கும்.

வாஷிங்டனில் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அனகோஸ்டியாவில் பிறந்து வளர்ந்தவள். இருபத்தாறு வருஷமாக பஸ் பிடித்துப் பாலத்தைத் தாண்டி செனட்டர்களின் ஆபீஸ் கட்டடத்துக்கு வந்து போனாள். செனட்டரின் கட்சி அவளுடைய கட்சி அல்ல. அவள் தெருவில் அந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சர்ச்சில் இதைச் சொல்லி அவளைச் சீண்டாத ஆள் கிடையாது. ஆபீசிலோ, புதிதாகச் சேரும் பொடிப்பசங்கள்கூட 'இவ அந்தப் பக்கத்து ஆளாச்சே' என்று ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். தனக்குக் கட்சியே இல்லை என்று இரண்டு பக்கமும் நிரூபித்து நிரூபித்தே அவளுக்குத் தலை நரைத்தது.

ஒரு பழக்கம் உண்டு. படிக்காமல் எந்தத் தாளையும் எந்திரத்தில் வைக்க மாட்டாள். உயிரோடு இருந்த ஒரு கிழவரின் பெண்டாட்டிக்குப் போகவிருந்த இரங்கல் கடிதத்தை ஒருமுறை அப்படித்தான் பிடித்து நிறுத்தினாள்.

செனட்டரின் மாநிலத்து மக்கள் உதவி கேட்டுக் கூப்பிடும் ஃபோனும் அவள் மேஜைக்குத்தான் வரும். லியோடா ப்ராண்ட் அப்படிப் பழக்கமானவள். கோதுமை விளையும் ஒரு சிற்றூரில் தனியாக இருந்த விதவை. ஒரே மகன் வெஸ்லி கிணறு தோண்டும் கம்பெனியில் எஞ்சினியர். வேலைக்குப் போன நாட்டில் அவனை உளவாளி என்று சொல்லிப் பிடித்து உள்ளே போட்டு இரண்டரை வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய்க்கிழமை தவறாமல் லியோடா கூப்பிடுவாள்.

"மிஸ் மார்வா, ஏதாச்சும் தெரிஞ்சுதா?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்லீங்க, மிஸஸ் ப்ராண்ட்."

"சரி. அவனுக்கு நாலு ஜோடி சாக்ஸ் பின்னி அனுப்பினேன். போய்ச் சேராதுன்னு தெரியும். அனுப்பலன்னா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

அந்தக் குளிர்காலத்தில் ஜனாதிபதியின் ஆட்கள் ஐரோப்பாவில் ஒரு ஹோட்டலில் அந்த நாட்டுக்காரர்களோடு உட்கார்ந்து ஆயுத ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். பேச்சில் கைதிகள் விஷயமும் இருந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரம் வெஸ்லி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று வெளியுறவுத் துறையில் ஒருவர் லியோடாவிடம் சொல்லியேவிட்டார். லியோடா போய்ப் புதுக் கட்டில் வாங்கினாள். "தரையில படுத்துப் படுத்து முதுகு போயிருக்கும்ல" என்று ஃபோனில் சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே மார்வாவுக்கு அன்றுதான் தெரிந்தது.

ஆனால் செனட்டில் பெரும்பான்மை எதிர்க்கட்சிக்கு, அதாவது விட்லாக்கின் கட்சிக்கு. ஜனாதிபதி மழை என்றால் அவர்கள் வெயில் என்பார்கள். அவர் ஓர் ஒப்பந்தம் போட்டுப் பேர் வாங்கிவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது.

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை பனிப்புயல் வருகிறது என்று மதியமே கட்டடம் காலியானது. செனட்டரின் தலைமை உதவியாளன் கிரேடி பெல் கோட்டை மாட்டிக்கொண்டே ஒரு தாளோடு வந்தான்.

"மிஸ் மார்வா, இது ஒண்ணு போட்டுட்டுக் கிளம்பிருங்க. பாலத்த மூடிருவாங்க."

மார்வா படித்தாள். அந்த நாட்டுத் தலைவருக்குச் செனட்டர்கள் எழுதிய கடிதம். உங்களோடு பேசுகிறவர் இரண்டு வருஷத்தில் வீட்டுக்குப் போய்விடுவார், அவர் கொடுக்கும் வாக்கை நாங்கள் காப்பாற்றப் போவதில்லை, யோசித்துக்கொள்ளுங்கள். மரியாதையான பாஷையில் இவ்வளவுதான் விஷயம். அவள் மறுபடியும் மேலேயிருந்து படித்தாள்.

"கிரேடி, பெரியவர் இதப் பாத்தாரா?"

"ஏர்போர்ட்ல இருக்காரு. நம்ம பேரையும் சேத்துக்கன்னுட்டாரு. நாப்பது பேரு போட்டாச்சு. இவரு பேரு இல்லன்னா ஊர்ல கிழிச்சுத் தொங்கவிட்டுருவாங்க."

"ப்ராண்டம்மா பையன் அங்க உள்ள இருக்கான், கிரேடி."

"ஐயோ, இது அவங்களுக்கு எழுதுனதா? மேல இருக்குறதுதான் அவங்க பேரு. வெள்ளை மாளிகைக்காரர எரிய வைக்கிறதுக்கு எழுதுனது. அங்க எவன் இதப் படிக்கப்போறான்?" பிறகு கொஞ்சம் நிறுத்தி, "உங்களுக்கு இதுல ஏதும் சங்கடமா?" என்று கேட்டான்.

கேட்டவிதம் இதமாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தாறு வருஷத்து ஓரக்கண் பார்வையெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருந்தது.

அவன் சொன்னதும் பொய் அல்ல. மருமகளுக்குக் கேட்கட்டும் என்று மாட்டைத் திட்டுகிற வித்தை அந்தக் கட்டடத்தில் தினப்படி நடப்பது. மந்திரிக்கு எழுதுவார்கள், பத்திரிகைக்காரன் படிப்பதற்காக. எதிரிக்கு எழுதுவார்கள், ஊர்க்காரன் கைதட்டுவதற்காக. மேலே பேர் போட்ட ஆள் உட்கார்ந்து அதைப் படிப்பான் என்று அங்கே யாருக்கும் தோன்றாது.

"எனக்கென்ன சங்கடம்?" என்று மார்வா சாவியைத் திருப்பினாள்.

அந்த நாட்டில் படித்தார்கள். தங்கள் பெயருக்கு வந்த கடிதத்தை மனுஷர்கள் எப்படிப் படிப்பார்களோ அப்படி, வரிவரியாகப் படித்தார்கள். அவர்களுடைய பாராளுமன்றத்தில் அதை உரக்க வாசித்தார்கள். வாக்கே நிலைக்காதவர்களுக்குக் கைதியை எதற்குக் கொடுப்பது என்று ஒருவர் கேட்டார். முதலில் அடிபட்டது கைதிகள் பட்டியல். பேச்சுவார்த்தை இன்னும் ஒரு மாதம் நொண்டிவிட்டுப் படுத்துவிட்டது.

இங்கே ஊர் இரண்டுபட்டது, டிவிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஜனாதிபதியின் கோழைத்தனம்தான் கெடுத்தது என்று இவர்கள், செனட்டர்களின் துரோகம்தான் கெடுத்தது என்று அவர்கள். விசாரணைக் கூட்டத்தில் இரண்டு கட்சியும் வெஸ்லி ப்ராண்ட் பெயரைக் கல் மாதிரி எடுத்து ஒருவர்மேல் ஒருவர் எறிந்தார்கள். செப்டம்பரில் அவன் சிறையிலேயே சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போனான்.

அதிலிருந்து மார்வாவுக்குப் பேனா கீறும் சத்தம் விடவில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் செய்தித்தாளைப் புரட்டினால் கேட்டது. சர்ச்சில் எல்லோரும் தலைகுனிந்து ஜெபிக்கும் அமைதியில் கேட்டது. எந்தக் கடிதத்தை எடுத்தாலும் முதல் இரண்டு வரி அந்தக் கடிதமாகத் தெரிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்தாக இருக்கும்.

"எய்தவன் இருக்க அம்ப நொந்து என்ன ஆகப்போகுது?" என்றான் அவள் புருஷன் ஓட்டிஸ். "நீ சாவியத் திருப்புன. அவ்வளவுதான்."

"அம்பு படிக்குமா ஓட்டிஸ்? நான் படிச்சேனே."

அக்டோபரில் செனட்டர் சொந்த மாநிலத்தில் கூட்டம் போட்டார். லியோடா எழுந்து நின்று, இந்தக் கடிதத்தில் இருப்பது உங்கள் கையெழுத்தா என்று கேட்டாள். செனட்டர் குரலைத் தாழ்த்தி, அது எந்திரம் போட்டது, நான் கண்ணால்கூடப் பார்க்கவில்லை அம்மா என்றார். கூட்டமே 'ஐயோ பாவம்' என்று பார்த்ததாம், அவரை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஃபோன் அடித்தது. இப்படிக் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று கிரேடி எழுதிக் கொடுத்த சீட்டு மார்வாவின் எதிரில் இருந்தது: ஆபீஸ் நடைமுறை பற்றிப் பேச இயலாது.

"மிஸ் மார்வா, அந்த எந்திரம் யாரு பொறுப்பு?"

சீட்டைப் பார்த்தாள். வாய் அதைப் படிக்க மறுத்தது.

"என் பொறுப்புங்க, மிஸஸ் ப்ராண்ட். நான்தான் போட்டேன்."

அந்தப் பக்கத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. லியோடா உட்கார்ந்தாள் போலும்.

"போடறதுக்கு முன்னாடி படிச்சீங்களா?"

"ரெண்டு தடவ."

"அங்க அவங்க படிச்சாங்க. நீங்க படிச்சீங்க. பேரு போட்டவருதான் படிக்கலையாம்."

"என்ன மன்னிச்சிருங்க" என்றாள் மார்வா. அது போய் எங்கும் ஒட்டவில்லை.

"படிக்கறப்ப வெஸ்லி ஞாபகம் வந்துச்சா?"

"வந்துச்சு."

"வந்தும்..." என்றாள் லியோடா. ஃபோனை வைக்கவில்லை. கடைசியில் மார்வாதான் வைக்க வேண்டியிருந்தது. லியோடா ப்ராண்ட் பிறகு கூப்பிடவே இல்லை.

கிறிஸ்துமசுக்கு மார்வா வேலையை விட்டாள். பதினோரு வருஷம் ஆகிறது. உருளைக்கிழங்கு உரிக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் அவள் உதடு அசைவதை ஓட்டிஸ் பார்க்கிறான். ஜெபம் என்று நினைத்துக்கொள்கிறான். அவள் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பனி வந்துருச்சுங்க. பாலத்த மூடிருவாங்கன்னாங்க. என்ன அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லிருவாங்கன்னு பயந்தேங்க. ஒவ்வொன்றும் உண்மைதான். ஒன்றையும் லியோடாவிடம் சொல்ல முடியாது.